காற்றுக்குக் காவல்

“உங்க லாத்தா கழுத்துல கெடக்குற கருகமணியை நீ அறுப்பியா?”

யாங்கோன் தாமுவேயில் கடை திறப்பதற்கு முந்தின வாரம், தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது, ஜுல்ஃபிகர் ஸமீராவிடம் இப்படிக் கேட்டான். லாத்தாவின், கூடப்பிறந்த அக்காவின், புருஷன் இந்த மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டால் யாருக்குத்தான் வாய் வரும்? ஸமீராவுக்குச் சாதாரணக் கேள்விக்கே வாய் வராது. எட்டாம் வகுப்பில் பர்மியப் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்ன அன்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இப்போதும் தலையை மட்டும் ஆட்டினாள்.

“ஆட்டுனா ஆச்சா? வாயைத் தொறந்து சொல்லு புள்ளே.”

“மாட்டேன் மச்சான்.”

“அப்ப சரி. நீதான் மேல நிக்கணும். காத்துக்கு நீதான் காவல்.”

அவன் போட்ட கணக்கு பழைய கணக்கு. கீழக்கரைப் பக்கத்துக் கடலில் முத்துக்குளித்த காலத்திலிருந்து வருவது. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றைத் தோணியில் நின்று பிடிக்கிறவன், இறங்குகிறவனின் மச்சினனாகத்தான் இருக்கவேண்டும். கூட்டாளி முத்துக்கு ஆசைப்பட்டுக் கயிற்றை விட்டுவிடலாம். அண்ணன் தம்பிகூட வீட்டுக்கு ஆசைப்பட்டு விட்டுவிடலாம். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் மட்டும் விடமாட்டான். விட்டால் தாலியாய்க் கட்டிய கருகமணி இறங்குவது அவன் சகோதரியின் கழுத்திலிருந்து. லாத்தா கமருன்னிசாவுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. வாப்பாவும் உம்மாவும் போய்ச் சேர்ந்தபின் அவளோடு ஒட்டிக்கொண்டு வந்த தங்கை ஸமீரா ஒருத்திதான். ஆகவே மச்சினனின் இடத்துக்கு அவள் வந்தாள்.

ஜுல்ஃபிகர் மாலத்தீவுப் பக்கம் ஒரு தீவில், கடலுக்கு அடியில் இருந்த உணவகத்தில் தட்டு ஏந்தியவன். படியில் இறங்கிப் போனால் தலைக்கு மேலே வளைந்த கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் கடல். வெள்ளைக்காரர்கள் அங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சுறா அவர்களுடைய உச்சந்தலைக்கு மேலே வயிற்றைக் காட்டிக்கொண்டு போகும். வேலை பார்த்த காலம் முழுக்க அவன் ஒருநாளும் அங்கே நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ஊர் திரும்பியதும் வாப்பாவின் பிரியாணிக் கடையை இடித்தான். தரையைத் தோண்டி, ஜன்னலே இல்லாத ஒரு கூடத்தைக் கீழே இறக்கினான். அதன் ஒரு பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் மாடிவரை எழும்பிய தொட்டி. உப்புக் கரைத்த தண்ணீரில் ஆள் கை நீளத்துக்குக் கொடுவா மீன்கள், இரண்டு திருக்கை. தாமுவேக்காரர்கள் அதை ‘யே-அவுக்-சைங்’ என்றார்கள், தண்ணிக்கு அடியில் இருக்கிற கடை என்று. அந்தப் பெயரே நின்றுவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் அவனே தொட்டிக்குள் இறங்குவான். கறுப்பு ரப்பர் உடுப்பும் இடுப்பில் ஈயக்கட்டிப் பட்டையும் முகமூடியும் வாயில் காற்றுக் குழாயுமாக இறங்கி, மீனுக்கு இறால் ஊட்டி, கண்ணாடியைத் தட்டி, சாப்பிடுகிறவர்களுக்கு சலாம் வைப்பான். பிள்ளைகள் கத்தும். பெரியவர்கள் போனைத் தூக்குவார்கள்.

குழாயின் மறுமுனை மாடியில், ஸமீராவின் காலடியில் இருந்தது. கரண்டில் ஓடும் கம்ப்ரசர்தான் காற்றைத் தள்ளும். கரண்டு நின்றால் அது நின்றுவிடும். யாங்கோனில் கரண்டு நிற்காத நாள் ஏது? அதனால் பக்கத்திலேயே ஒரு காற்றுச் சிலிண்டர். கம்ப்ரசர் சத்தம் அடங்கியதும் ஸ்பேனரால் அதன் வாயை ஒரு திருகு திருகவேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை. ஜெனரேட்டர் கிளம்பும்வரை அந்தத் திருகில்தான் அவன் உயிர்.

தொட்டியின் வாய்க்குக் கம்பிவலை அடித்த ஒரு இரும்பு மூடி உண்டு. முதலில் அதை யாரும் பூட்டுவதில்லை. கொடுவா துள்ளுகிற சாதி. ஒருநாள் பெரிதாக ஒன்று துள்ளி மாடித் தரையில் விழுந்து செத்தது. ஜுல்ஃபிகர் தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்து ஸமீராவின் இடது காதோடு சேர்த்து ஓர் அறை விட்டான். அன்றிலிருந்து அந்தக் காதுக்குள் ஒரு வண்டு குடியிருக்கிறது. “நான் எறங்குனதும் மூடியைப் போட்டுக் கொக்கியை மாட்டு. நான் தட்டுனாத் தொறந்தாப் போதும்,” என்றான். அன்றிலிருந்து அவள் அப்படியே செய்தாள்.

காதில் விழுந்த அறை சின்ன விஷயம். லாத்தா வாங்கியதுதான் கணக்கில் அடங்காதது. சோறு குழைந்ததற்கு ஒரு பல் போனது. வாடிக்கையாளர் ஒருவரைப் பார்த்துச் சிரித்ததற்கு நெற்றி கதவில் மோதியது. வயிற்றில் தங்கிய ஒரு பிள்ளை படிக்கட்டில் போனது. வழுக்கி விழுந்தாள் என்று ஆஸ்பத்திரியில் அவன் சொன்னான், லாத்தாவும் அதையே சொன்னாள். ஸமீராவுக்கு இருந்தது ஒரே ஆசை. லாத்தாவை இந்த வீட்டைவிட்டு முழு உடம்போடு கிளப்பிக்கொண்டு போகவேண்டும். நகரத்துக்கு வெளியே மாவ்பியில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் கமலாட்சி அக்கா லாத்தாவோடு படித்தவள். எப்போது வேண்டுமானாலும் வா, என் பண்ணையில் முட்டை பொறுக்கினாலும் மரியாதையாக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

“போயிருவோம் லாத்தா,” என்று ஸமீரா கேட்கும்போதெல்லாம் கமருன்னிசா கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள்.

“இது கெடக்குற வரைக்கும் எங்கடி போறது?”

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அப்துல் சமது காக்கா நாலைந்து வியாபாரிகளோடு வந்தார். ஊரே காக்கா, அண்ணன் என்று கூப்பிடுகிறவர், சபை கூடினால் நடுவில் உட்காருகிறவர். அவர் வாயால் நன்றாக இருக்கிறது என்று வந்துவிட்டால் கல்யாணக் கூட்டமெல்லாம் இங்கே திரும்பும் என்று ஜுல்ஃபிகர் மூன்று நாளாகத் தூங்கவில்லை. கண்ணாடியை ஒட்டிச் சஹன் விரித்தான். பெரிய தாம்பாளத்தைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடும் சாப்பாடு அது.

சமையற்கட்டுத் திரைக்குப் பின்னால் நின்ற ஸமீராவுக்குப் பேச்சு கேட்டது.

“அந்தத் தீவுல காக்கா, வெள்ளக்காரன் அண்ணாந்து பாத்தாச் சுறா வயிறு தெரியும்.”

“சுறா வயித்தப் பாத்தா நம்ம வயித்துக்குச் சோறு எறங்குமாடா?” என்றார் அப்துல் சமது. கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

“இங்கயும் பாப்பீங்க காக்கா. நானே உள்ள எறங்கி உங்களுக்கு சலாம் வைப்பேன்.”

“சலாத்துக்குத் தண்ணிக்குள்ள வேற போகணுமா? தம்பி, சஹன்ல கை வச்ச நம்ம ஆளு கறியத்தான் பாப்பான். கண்ணாடியை எவன் பாக்குறான்? டான்பௌக் பிரியாணியைக் கொண்டா மொதல்ல.”

மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டுதான் ஜுல்ஃபிகர் சமையற்கட்டுக்குள் நுழைந்தான். முகத்தில் அவனுடைய சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிரியாணித் தேக்சா அடுப்பில் தம்மில் இருந்தது. மூடியின்மேல் தணல் பரப்பியிருந்தது.

“எடு.”

“இன்னும் தம் ஆகல. செத்த பொறுங்க,” என்றாள் கமருன்னிசா.

“ஆகலையா?”

“ஆகல.”

“தொட்டுப் பாத்துச் சொல்லு.”

அவள் வலது மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையைத் தணலின்மேல் வைத்து அழுத்தினான். தண்ணீர்ச் சொட்டு சூடான வாணலியில் விழுந்தாற்போல ஒரு சத்தம். கமருன்னிசா கத்தவில்லை. கூடத்தில் ஆட்கள் இருந்தார்கள். ஆட்கள் இருக்கும்போது கத்தக்கூடாது என்பதை அவள் எப்போதோ படித்துவிட்டாள். அவன் விடவில்லை. அவள் தரையில் உட்கார்ந்தபோது கையும் மூடியில் இழுபட்டு, தணல் சிதறி மடியில் விழுந்தது. ஸமீரா ஓடிப்போய் வெறுங்கையால் தணலைத் தட்டிவிட்டாள். அவளை அவன் காலாலேயே ஒதுக்கினான்.

“இப்ப ஆச்சா?”

“ஆச்சு,” என்றாள் கமருன்னிசா.

“ஆச்சுன்னா எடுத்து வைக்கச் சொல்லு. காக்கா பசியோட இருக்காரு.” பிறகு ஸமீராவைப் பார்த்தான். “நீ மேல வா. காத்துக்கு நேரமாச்சு.”

லாத்தாவின் உள்ளங்கையில் தோல் சுருண்டு ஓரத்துக்குப் போயிருந்தது. ஸமீரா ஊறவைத்த அரிசிக் குண்டானுக்குள் அந்தக் கையை விட்டாள். லாத்தா அவளைப் பார்க்காமல், “போ. இல்லாட்டி ஒன்னையும் அடிப்பான்,” என்றாள்.

மாடியில் தகரக் கூரை. நடுவில் வெளிச்சத்துக்காக ஒரு கண்ணாடித் தகடு. உச்சி வெயில் நேராகத் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. ஜுல்ஃபிகர் இடுப்புப் பட்டையைக் கட்டினான்.

“மூஞ்சியை ஏன் அப்படி வச்சிருக்கே? நான் ஒண்ணும் அவளைக் கொல்லல. நாளைக்கு ஆறிரும்.” அவள் கன்னத்தில் செல்லமாக இரண்டு தட்டுத் தட்டினான். அந்தக் கையில் பட்டையும் கிராம்பும் மணத்தன. அவற்றுக்கு அடியில் லாத்தாவின் தோல் கருகிய வாடையும் இருந்தது.

அவன் இறங்கினான். ஸமீரா மூடியைப் போட்டுக் கொக்கியை மாட்டினாள்.

கீழே நடப்பது தெரிவதற்காகச் சுவரில் ஒரு சிசிடிவி திரை வைத்திருந்தான். அதில் சஹனைச் சுற்றிக் குனிந்த தலைகள் தெரிந்தன. ஜுல்ஃபிகர் கண்ணாடியைத் தட்டினான். ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். அவன் இன்னும் பலமாகத் தட்டி, நெஞ்சில் கைவைத்து சலாம் வைத்தான். அப்துல் சமது காக்கா எலும்பை உறிஞ்சிக்கொண்டே இடது கையை லேசாகத் தூக்கினார்.

அப்போது திரை அணைந்தது. கம்ப்ரசர் இரண்டு முறை இருமி நின்றது.

கீழே, “மீ பியெ!” என்று யாரோ சலித்துக்கொண்டார்கள். கரண்டு போவது அந்த ஊருக்குப் புதிதா? இருட்டில் கை சஹனைத் தேடிக்கொள்ளும். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

ஸமீராவின் கையில் ஸ்பேனர் இருந்தது. ஸ்பேனர் சிலிண்டரின் வாயில் பொருந்தியும் இருந்தது. ஒரு திருகு. கை திருகவில்லை.

கொல்லவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. கொஞ்ச நேரம், என்றுதான் நினைத்தாள். லாத்தாவுக்கு எப்படி இருக்குமென்று கொஞ்ச நேரம் தெரியட்டும். குழாய் அவள் காலடியில் ஒருமுறை இழுபட்டது. பிறகு வெடுக் வெடுக்கென்று இழுபட்டது. பிறகு அவன் மேலே வந்தான்.

வந்த வேகத்தில் தலை மூடியில் மோதியது. வாயிலிருந்து குழாயைத் துப்பினான். தண்ணீர் வலையைத் தொட்டுக்கொண்டு நின்றது. மூக்கு வைக்க இடமில்லை. இரண்டு முஷ்டியாலும் இரும்பைக் குத்தினான். விரல்களை வலைக்கு வெளியே நுழைத்துப் பிடித்து உலுக்கினான். கம்பி அறுத்து விரல்களில் ரத்தம் கசிந்தது. முகமூடிக்குள் கண்கள் அவளைப் பார்த்தன. அந்தக் கண்களில் கோபம்தான் இருந்தது, பயம் இன்னும் வரவில்லை. என்னடி செய்யிறே என்று கேட்கிற கண்கள். மேலே வந்தால் நடப்பதைச் சொல்கிற கண்கள்.

அதைப் பார்த்ததும் ஸமீராவின் கை கொக்கிக்குப் போனது. பழக்கம் அப்படி.

படியில் காலடி கேட்டது. கமருன்னிசா ஏறி வந்தாள். கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. மூடியைப் பார்த்தாள். வலைக்குள் துடிக்கிற விரல்களைப் பார்த்தாள். கம்ப்ரசரைப் பார்த்தாள், ஸ்பேனரைப் பார்த்தாள். பிறகு புடவையை ஒதுக்கிக்கொண்டு, முக்காலியில் உட்காருவதுபோல மூடியின்மேல் கொக்கியை மறைத்து உட்கார்ந்தாள்.

“லாத்தா.”

“நீ கீழ போ.”

“லாத்தா, எந்திரி.”

“காக்கா சஹனுக்கு ஊறுகா போவல. கொண்டுபோய் வை.”

கறி நறுக்கச் சொல்கிற அதே குரல். மூடி அவளுக்கு அடியில் குதித்தது. ஒருமுறை அவளையும் சேர்த்துத் தூக்கிப் போட்டது. அவள் சூடுபடாத கையால் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள். ரத்தம் பூசிய விரல்கள் அவள் புடவை ஓரத்தைப் பிடித்தன. கண்ணாடித் தகட்டின் வெளிச்சத்தில் அவன் அவளைப் பார்த்துவிட்டான். இப்போதுதான் அந்தக் கண்களில் பயம் வந்தது. கயிறு பிடிப்பவன் விடமாட்டான் என்றுதான் கணக்கு. கயிற்றின்மேல் பெண்டாட்டியே உட்காருவாள் என்று எந்த முத்துக்குளிக்கிறவனும் கணக்குப் போடவில்லை.

ஸமீரா இரண்டு படி இறங்கினாள். ஊறுகாய் ஜாடி எந்தப் பலகையில் இருக்கிறது என்றுகூட மனசுக்குள் தேடினாள். முதுகுக்குப் பின்னால் இரும்புச் சத்தம் முதலில் வேகமாக, அப்புறம் ஒவ்வொன்றாக, அப்புறம் நகத்தால் பிராண்டுவதுபோலக் கேட்டது. போலீஸ் வந்து லாத்தாவின் வெந்த கையில் விலங்கு மாட்டுவது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அவன் செத்தாலும் லாத்தாவைத்தான் கொண்டுபோவான்.

திரும்பி ஏறினாள்.

“எந்திரி லாத்தா!” என்று கத்தினாள். அவள் தொண்டையிலிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று அவளுக்கே தெரியாது.

கமருன்னிசா அசையவில்லை. ஸமீரா அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். லாத்தா முழங்கையால் அவள் மூக்கில் இடித்தாள். ரத்தம் உதட்டில் இறங்கியது. ஸமீரா விடவில்லை. லாத்தா அவள் புஜத்தைக் கடித்தாள். பல் சதைக்குள் இறங்கியது. சின்ன வயதில் ஒரே பாயில் படுத்துத் தூங்கியவர்கள் ஓர் இரும்பு மூடியின்மேல் நாய்கள்போலப் புரண்டார்கள். ஸமீராவின் விரல்கள் லாத்தாவின் கழுத்தில் எதையோ பற்றின. அதைப் பிடித்தே முழுப் பலத்தோடு பின்னால் இழுத்தாள்.

பட்டென்று அறுந்தது.

கறுப்பு மணிகள் மூடியில் தெறித்து, வலைக்குள் புகுந்து, தண்ணீரில் விழுந்தன. இழுத்த இழுப்பில் மூடியிலிருந்து சரிந்த லாத்தா அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே இருந்துவிட்டாள். அந்த ஒரு நொடியில் ஸமீரா கொக்கியைக் கழற்றி மூடியைத் தூக்கினாள்.

அவன் தானாக வரவில்லை. உடுப்பின் கழுத்தைப் பிடித்து விளிம்புக்கு இழுத்துப் போட்டாள். முதுகில் ஓங்கிக் குத்தினாள். இரண்டாவது குத்தில் அவன் வாயிலிருந்து தண்ணீரும் காலைத் தேநீரும் வந்தன. மூச்சு ஒரு கதவை உடைப்பதுபோல உள்ளே போயிற்று.

கம்ப்ரசர் உறுமிக்கொண்டு எழுந்தது.

“மீ லாபீ!” கீழே கூடம் முழுக்க ஒரே குரலாகக் கூவினார்கள். கரண்டு வந்ததும் யாங்கோனில் தெருவுக்குத் தெரு கூவுகிற கூவல்தான். கைதட்டினார்கள். திரையும் உயிர்பெற்றது. விளக்கு வெளிச்சத்தில் கறுப்பு மணிகள் தொட்டிக்குள் மெல்ல மெல்ல இறங்குவதும், கொடுவாக்கள் அவற்றை இரை என்று நினைத்துப் பாய்ந்து கவ்வுவதும் தெரிந்தன. ஒரு வியாபாரி விரலால் காட்டி எதையோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அப்துல் சமது காக்காகூட இந்தத் தடவை நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார்.

ஜுல்ஃபிகர் முழங்கையில் எழும்பினான். கண்கள் சிவந்து வெளியே தள்ளியிருந்தன.

“கமரு,” என்றான். “நீயா? நீயாடி மேல உக்காந்தே?”

அவள் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். மணி அறுத்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு.

அவன் பக்கத்தில் இருந்தவளைப் பிடித்தான். எப்போதும் அப்படித்தானே. ஸமீராவின் முடியைக் கொத்தாகப் பற்றித் தலையை மூடியில் மோதினான். காதுக்குள் இருந்த வண்டு தலை முழுக்கப் பறந்தது. மறுபடி மோத இழுத்தான். அவளுடைய கை தரையில் துழாவியது. ஸ்பேனர் அகப்பட்டது. அவன் முழங்காலைப் பார்த்து வீசினாள். எலும்பு சத்தம் போட்டது. அவன் முடியை விட்டான். விட்டபிறகும் அதே இடத்தில் இன்னொன்று போட்டாள். அவன் காலைக் கட்டிக்கொண்டு உருண்டான்.

“என் லாத்தாவைத் தொடாதே,” என்றாள். வாயில் ரத்தம் இருந்ததால் வார்த்தை குழறியது. ஆனாலும் அவனுக்கு விளங்கியது.

அவன் அவளைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியின் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி அவள் வைக்கிற சோற்றை வாயில் வைக்க முடியாது, அவள் இருக்கிற அறையில் கண்ணை மூட முடியாது என்பது அவன் முகத்தில் எழுதியிருந்தது. “கமரு,” என்றான் மறுபடியும். அந்தப் பெயரை அவன் கெஞ்சலாகச் சொல்லி ஸமீரா கேட்டதே இல்லை.

கமருன்னிசா குனிந்து, மூடியின் மூலையில் மாட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு கறுப்பு மணியை எடுத்தாள். எடுத்துப் பார்த்துவிட்டுத் தொட்டிக்குள் போட்டாள். ஒரு மீன் மேலே வந்து அதையும் வாங்கிக்கொண்டது.

“லாத்தா, மாவ்பிக்குப் போயிருவோம்,” என்றாள் ஸமீரா. “கமலாட்சி அக்காட்ட. நானும் வர்றேன்.”

லாத்தா அவளைப் பார்த்தாள். உடைந்த மூக்கையும் தன் பல் பதிந்த புஜத்தையும் பார்த்தாள். நன்றியா வெறுப்பா என்று ஸமீராவால் சொல்ல முடியவில்லை. அவனைக் காப்பாற்றினாயே என்றும் இருக்கலாம். என்னைக் காப்பாற்றினாயே என்றும் இருக்கலாம்.

அவள் அவனுடைய காலைத் தாண்டிப் படியில் இறங்கினாள். ஸமீரா எழுந்திருக்கப் பார்த்தாள். தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

சத்தமில்லாத அந்தத் திரையில், ஈரத்துணி சுற்றிய கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு லாத்தா மேசைகளுக்கு நடுவே வந்தாள். காலில் செருப்பு இல்லை. சஹனில் இருந்த ஒருவர், பரிமாறுகிற பெண் என்று நினைத்து, வெறும் ஊறுகாய்க் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார். லாத்தா அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாள், கிண்ணம் பிடித்த ஆளைப் பார்த்தாள். வாசல் படியேறிக் கதவைத் தோளால் தள்ளினாள். ஒரு நொடி வெயில் கூடத்துக்குள் விழுந்தது. திரை முழுவதும் வெளுத்தது. கதவு தானாக மூடிக்கொண்டபோது அங்கே யாரும் இல்லை. கிண்ணத்தைத் தூக்கியவர் மட்டும் இன்னும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.